பிடித்திருப்பதும் விடுவதும்: செல் பிரிவிலிருந்து மரபுப் பண்புகள் வரை

மனித செல் ஒன்றில் 46 குரோமோசோம்கள், அதாவது டி.என்.ஏ இழை சுருண்டு அடங்கிய பொதிகள். பிரிவதற்கு முன் அந்தச் செல் தன் டி.என்.ஏ முழுவதையும் நகலெடுத்துவிடுகிறது. இப்போது அதில் எத்தனை குரோமோசோம்கள் இருக்கும்? 92 என்று எழுதுபவர்கள் நிறைய. சரியான விடை 46. எண்ணிக்கையில் வரும் இந்தச் சின்னக் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளாமல் மேலே போனால் பட்டாணிச் செடிகளை வைத்து மரபு விதிகளைக் கண்ட மெண்டலின் விகிதங்களும் புரியாது, 21-ஆம் குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருப்பதால் வரும் டவுன் நோய்க்குறி ஏன் வருகிறது என்பதும் புரியாது. அதனால் அங்கிருந்தே தொடங்குவோம்.

குரோமோசோமை எண்ணும்போது நாம் எண்ணுவது சென்ட்ரோமியரை, அதாவது அதன் இடுப்புப் பகுதியை. நகலெடுத்து முடிந்ததும் ஒவ்வொரு குரோமோசோமிலும் இரண்டு இழைகள் இருக்கும். இவற்றைச் சகோதரக் குரோமாட்டிட்கள் என்கிறோம். இரண்டும் ஒரே இடுப்பில் கட்டுண்டு கிடப்பதால் கணக்கில் ஒன்றுதான். கட்டி வைத்திருப்பது கொஹீசின் என்ற புரதம். அது வளையம் போன்ற வடிவில் இரண்டு டி.என்.ஏ இழைகளையும் சுற்றிப் பிடித்திருக்கிறது. வளையம் அறுந்த கணத்தில் ஒவ்வொரு குரோமாட்டிடும் தனிக் குரோமோசோம் ஆகிவிடும். அப்போதுதான், மிகச் சிறிது நேரத்துக்கு, செல்லில் 92 இருக்கும். பிறகு இரு பக்கமும் 46, 46 எனப் பிரிந்துபோகும்.

ஆக, டி.என்.ஏ-வின் அளவு இரட்டிப்பாவது ஒரு நேரத்தில், குரோமோசோம் எண்ணிக்கை இரட்டிப்பாவது வேறொரு நேரத்தில். இடைப்பட்ட காலம் முழுவதும் கொஹீசின் பிடித்திருக்கிறது. எப்போது பிடிக்கிறது, எங்கே விடுகிறது, எத்தனை தடவையில் விடுகிறது என்பதில்தான் மரபின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது.

மைட்டாசிஸ்: ஒரே வெட்டு

மைட்டாசிஸ் என்பது உடல் செல்கள் பெருகும் சாதாரணப் பிரிவு. வளர்ப்பு ஊடகத்தில் பெருகும் மனித செல் ஒரு சுற்றை முடிக்க ஏறத்தாழ 24 மணி நேரம் எடுக்கும். அதில் நகலெடுப்பதற்கு முந்தைய ஜி1 கட்டம் சுமார் 11 மணி, டி.என்.ஏ நகலெடுக்கும் எஸ் கட்டம் 8 மணி, அதற்கும் பிரிவுக்கும் இடையிலான ஜி2 கட்டம் 4 மணி. கண்ணுக்குத் தெரியும்படியான பிரிவு ஒரு மணி நேரம்தான். எஸ் கட்டத்தில் நகலாவது சுமார் 640 கோடி எழுத்துகள். நீட்டி வைத்தால் 2 மீட்டர் இழை. நகலெடுக்கும் நொதி ஒரு லட்சம் எழுத்துக்கு ஒரு பிழை என்ற அளவில் தவறும். உடனடித் திருத்தமும், பின்னால் வரும் பொருத்தச் சரிபார்ப்பும் சேர்ந்து அதை நூறு கோடிக்கு ஒன்று என்ற அளவுக்குக் கொண்டுவருகின்றன.

நகலெடுப்பதைவிடப் பங்கிடுவதே கடினமான வேலை. குரோமோசோம்களை இழுக்கும் கதிர்க்கோல் இழைகள் செல்லின் இரு முனைகளிலிருந்தும், அதாவது துருவங்களிலிருந்தும், நீண்டு வந்து ஒவ்வொரு குரோமாட்டிடின் இடுப்பிலும் உள்ள கைனட்டோகோர் என்ற பிடிமானத்தைத் தேடுகின்றன. ஒரு சகோதரியை வடக்குத் துருவமும் மற்றதைத் தெற்குத் துருவமும் பிடித்தால் சரி. இருபுறமும் இழுபடும்போது, நடுவில் கொஹீசின் விடாமல் பிடித்திருப்பதால் இழுவிசை உண்டாகிறது. அந்த இறுக்கமே சரியாகப் பிடிபட்டதற்கு அடையாளம். இறுக்கம் இல்லாத பிடியை அரோரா பி என்ற நொதி தளர்த்திவிடும். இழைகள் மறுபடி தேடத் தொடங்கும். கயிறு இழுக்கும் போட்டியில் நடுவே முடிச்சு அவிழ்ந்திருந்தால் இரு அணியும் என்ன இழுத்தாலும் கயிறு விறைக்காது. கொஹீசின் அந்த முடிச்சு.

ஒரே ஒரு கைனட்டோகோர் பிடிபடாமல் இருந்தாலும் செல் காத்திருக்கும். எல்லாம் பிடிபட்ட பிறகுதான் செக்யூரின் என்ற புரதம் அழிக்கப்படும். அதுவரை அது அடக்கி வைத்திருந்த செப்பரேஸ் என்ற நொதி விடுபட்டு, கொஹீசின் வளையங்களை வெட்டும். இதுதான் அனாபேஸ்.

இந்தக் காவலில் ஒரு ஓட்டை இருக்கிறது. ஒரே கைனட்டோகோரை இரு துருவங்களின் இழைகளும் பிடித்துவிட்டால், 'பிடிபடாதது எதுவும் இல்லை' என்று செல் எடுத்துக்கொள்ளும். வெட்டு விழுந்ததும் அந்தக் குரோமோசோம் இருபுறமும் இழுபட்டு நடுவிலேயே பின்தங்கும். பல சமயம் கடைசி நேரத்தில் சரியான பக்கம் சேர்ந்துவிடும். சேராவிட்டால் ஒரு மகள் செல்லில் ஒன்று கூடும், மற்றதில் ஒன்று குறையும். கருவின் ஆரம்பப் பிரிவுகளில் இது நடந்தால், உடலின் சில செல்கள் மட்டும் வேறு எண்ணிக்கையோடு வளரும். இந்தக் கலப்பு நிலைக்கு மொசைக் என்று பெயர். பல புற்றுநோய்ச் செல்களில் குரோமோசோம் எண்ணிக்கை தாறுமாறாக இருப்பதற்கும் இத்தகைய தவறான பிடிகள் முக்கியக் காரணம்.

நுண்ணோக்கியில் பார்க்க விரும்புவோருக்கு

வெங்காய வேர்நுனி இதற்கு மிகவும் ஏற்றது. அதில் 16 குரோமோசோம்கள்தான், அளவிலும் பெரியவை. வேர் 1 முதல் 2 சென்டிமீட்டர் வளர்ந்ததும் நுனியை வெட்டி, மூன்று பங்கு ஆல்கஹாலும் ஒரு பங்கு அசிட்டிக் அமிலமும் கலந்த கரைசலில் ஒரு நாள் வைக்க வேண்டும். பிறகு 60 டிகிரி சூட்டில், ஒரு நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 5 முதல் 10 நிமிடம். அசிட்டோகார்மைன் அல்லது அசிட்டோ ஆர்சின் சாயம் ஏற்றி, கடைசி 1 முதல் 2 மில்லிமீட்டரை மட்டும் கண்ணாடித் தகட்டில் வைத்து, மூடுதகட்டின் மேல் மெல்லத் தட்டிப் பரப்பி, நேராகக் கீழ்நோக்கி அழுத்த வேண்டும்.

செல்கள் எல்லாம் நீண்டு, உட்கரு சிறுத்து, பிரிவு எதுவுமே தெரியவில்லை என்றால் வேரின் மேற்பகுதியை எடுத்துவிட்டீர்கள் என்று பொருள். பிரிவு நடப்பது நுனியில் மட்டும். செல்கள் அடுக்கடுக்காக ஒட்டிக் கிடந்தால் அமிலத்தில் வைத்த நேரம் போதவில்லை, செல் சுவர்களுக்கு இடையிலான பசை கரையவில்லை. நேரம் மிஞ்சினால் திசு குழைந்து சாயமும் சரியாக ஏறாது. அழுத்தும்போது மூடுதகடு பக்கவாட்டில் நகர்ந்தால் செல்கள் உருண்டு சிதையும்.

தகட்டில் தெரிவது பிரிவின் ஓட்டம் இல்லை, ஆல்கஹால் கலந்த முதல் கரைசலில் போட்டபோது உறைந்துபோன காட்சி. ஒவ்வொரு நிலையிலும் எத்தனை செல்கள் என்று எண்ணினால், அந்த நிலை எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று கணிக்கலாம். 1,000 செல்களில் 10 மட்டும் அனாபேஸில் இருந்தால், அந்தச் செல் சுழற்சியில் அனாபேஸ் பிடிக்கும் நேரம் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு. அனாபேஸ் கிடைக்கவில்லை என்று சலித்துக்கொள்ள வேண்டாம். அது விரைவில் முடிந்துவிடுவதால்தான் அரிதாகக் கண்ணில் படுகிறது.

மியாசிஸ்: இரண்டு வெட்டு

வேர்நுனியில் எவ்வளவு தேடினாலும் மியாசிஸ் கிடைக்காது; அதற்குப் பூமொட்டின் மகரந்தப்பை வேண்டும். இனச்செல்கள் உருவாகும் இடத்தில் மட்டும் நடக்கும் பிரிவு இது. டி.என்.ஏ ஒரு முறைதான் நகலாகிறது, பிரிவு மட்டும் இரண்டு முறை. 46 என்பது 23 ஆகும் கணக்கு இதுதான்.

மைட்டாசிஸிலிருந்து இது மூன்று இடங்களில் விலகுகிறது. முதலாவது, தாயிடமிருந்து வந்த குரோமோசோமும் தந்தையிடமிருந்து வந்த அதன் இணையும் தேடிப்பிடித்து ஒன்றாகச் சேர்கின்றன. சேர்ந்த இடத்தில் இழைகள் வெட்டுப்பட்டு, மாறி ஒட்டிக்கொள்கின்றன. இந்தக் குறுக்கேற்றம் பண்புகளைக் கலப்பதற்காக நடப்பது என்றே பாடங்கள் சொல்லும். அதற்கு இன்னொரு வேலையும் உண்டு. இணையிழந்து தனித்தனியாகப் போகாமல் இரு குரோமோசோம்களையும் கட்டி வைக்கும் முடிச்சே அதுதான். ஒரு ஜோடிக்குக் குறைந்தது ஒரு குறுக்கேற்றமாவது இல்லாவிட்டால் இழுவிசை உண்டாகாது. அந்த ஜோடி எந்தப் பக்கம் போகும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

இரண்டாவது, முதல் பிரிவில் சகோதரக் குரோமாட்டிட்கள் இரண்டின் கைனட்டோகோர்களும் ஒரே துருவத்தைப் பார்த்து நிற்கின்றன. எனவே சகோதரிகள் பிரிவதில்லை, ஜோடிகள் பிரிகின்றன.

மூன்றாவதுதான் எனக்கு மிக அழகாகப் படும் ஏற்பாடு. முதல் பிரிவில் குரோமோசோம் கைகளில், அதாவது இடுப்பின் இருபுறமும் நீளும் பகுதிகளில், உள்ள கொஹீசின் மட்டும் வெட்டப்படுகிறது. இடுப்பில் உள்ளது தப்புகிறது. அதைக் காப்பாற்றும் புரதத்துக்கு ஷுகோஷின் என்று பெயர். ஜப்பானிய மொழியில் அதற்குக் காவல் தெய்வம் என்று பொருள். இரண்டாம் பிரிவு வரும்போது அந்தக் காவல் விலகும். இடுப்பு வளையமும் அறுபடும். ஒரே பசை, இரண்டு தவணை. இந்தத் தவணை முறை இல்லாவிட்டால் இனச்செல்லில் பாதி எண்ணிக்கை என்பதே சாத்தியமில்லை.

மெண்டல் எண்ணியது எதை?

1865-இல் புரூன் நகரில் (இன்றைய பர்னோ) மெண்டல் தன் பட்டாணிச் சோதனைகளை வாசித்தபோது குரோமோசோம் என்ற சொல்லே பிறந்திருக்கவில்லை. அது 1888-இல் வந்தது. உருண்டை விதை 5,474, சுருங்கிய விதை 1,850 என்று அவர் எண்ணினார். விகிதம் 2.96-க்கு 1. மூன்றுக்கு ஒன்று என்பது முதல் பிரிவில் ஜோடிகள் பிரிவதன் நிழல். ஒரே மரபணுவின் மாற்று வடிவங்களை அல்லீல் என்கிறோம். கலப்புச் செடியின் இனச்செல்களில் பாதி உருண்டை அல்லீலையும் பாதி சுருங்கிய அல்லீலையும் சுமக்கின்றன. இரண்டும் இரண்டும் சேரும் நான்கு வழிகளில் ஒன்றில் மட்டுமே இருபுறமும் சுருங்கிய அல்லீல் கிடைக்கும்.

ஒரு நகல் இருந்தாலே வெளித்தெரியும் பண்பை 'ஓங்கு' என்றும், இரண்டு நகல் இருந்தால்தான் தெரிவதை 'ஒடுங்கு' என்றும் சொல்வார்கள். இந்தச் சொற்கள் ஒரு தவறான எண்ணத்தை விதைத்துவிடுகின்றன, ஏதோ ஒரு அல்லீல் மற்றதை அடக்குவது போல. உண்மையில் நடப்பது அளவுக் கணக்கு. சுருங்கிய விதையில் மாவுச்சத்தைக் கிளைக்க வைக்கும் நொதியின் மரபணு, நடுவில் அந்நிய டி.என்.ஏ துண்டு ஒன்று செருகப்பட்டதால் கெட்டுக் கிடக்கிறது. சர்க்கரை மாவுச்சத்தாகாமல் தங்கி, விதை அதிக நீரை இழுத்து, காயும்போது சுருங்குகிறது. நல்ல நகல் ஒன்று இருந்தாலே தேவைக்கு நொதி கிடைத்துவிடும். அதனால் விதை உருண்டு வரும். ஓங்கு பண்பு என்றால் மக்களிடையே பரவலான பண்பு என்ற எண்ணமும் தவறு. கைகால் குட்டையாக வளரும் அகோண்ட்ரோபிளேசியா ஓங்கு பண்பு, ஆனால் அரிது. அதனுடன் பிறக்கும் குழந்தைகளில் பெரும்பாலோரின் பெற்றோருக்கு அது இல்லை. புதிய பிறழ்வால் வருகிறது, அதுவும் தந்தையின் வயது கூடக் கூட அதிகமாக.

நிறத்தையும் வடிவத்தையும் சேர்த்து மெண்டல் எண்ணியபோது 315, 108, 101, 32 என 556 விதைகள் வந்தன. 9:3:3:1. இதன் அடியில் இருப்பது, மியாசிஸின் முதல் பிரிவில் செல்லின் நடுக்கோட்டில் ஒவ்வொரு ஜோடியும் மற்றதைக் கேட்காமல் எந்தப் பக்கமும் திரும்பி நிற்கலாம் என்ற சுதந்திரம். மனிதனின் 23 ஜோடிகளுக்கு அப்படி நிற்க 83,88,608 வழிகள் உண்டு. குறுக்கேற்றத்தைச் சேர்த்தால் எண்ணிக்கைக்கு எல்லையே இல்லை: விந்தணு உருவாகும்போது ஒரு செல்லில் சராசரியாக 26-ஐ ஒட்டியும், கருமுட்டையில் 40-க்கு மேலும் குறுக்கேற்றங்கள் நடக்கின்றன. ஒரே குரோமோசோமில் அருகருகே உள்ள மரபணுக்களுக்கு இந்தச் சுதந்திரம் கிடையாது. அவை பெரும்பாலும் சேர்ந்தே போகும். நூறில் ஒன்று என்ற அளவில் பிரிந்தால் தூரம் ஒரு சென்டிமார்கன். 1913-இல் ஸ்டர்ட்டிவன்ட் இந்தத் தர்க்கத்தை வைத்தே பழ ஈயின் முதல் மரபணு வரைபடத்தைப் போட்டார்.

மெண்டலின் விதியும் குரோமோசோம் அசைவும் ஒன்றுதான் என்று 1902, 1903-இல் சட்டனும் போவேரியும் சொன்னார்கள். நிரூபணம் ஒரு விதிவிலக்கிலிருந்து வந்தது. பழ ஈக்களில் வெள்ளைக் கண் பெண் ஈயைச் சிவப்புக் கண் ஆணுடன் சேர்த்தால் மகள்கள் சிவப்பு, மகன்கள் வெள்ளை. ஆனால் ஏறத்தாழ 2,000-க்கு ஒன்று வீதம் வெள்ளைக் கண் மகள்கள் வந்தன. தாயின் இரண்டு எக்ஸ் குரோமோசோம்களும் பிரியாமல் ஒரே முட்டைக்குள் போயிருந்தால்தான் இது முடியும் என்றார் பழ ஈக்களை ஆராய்ந்த பிரிட்ஜஸ். நுண்ணோக்கியில் பார்த்தபோது அந்த மகள்களிடம் இரண்டு எக்ஸும் ஒரு ஒய்யும் இருந்தன. 1916-இல் வெளியான இந்த ஆய்வைப் போல, பிழையே சாட்சியாக வந்த இடம் உயிரியலில் அதிகம் இல்லை.

'நான்கில் ஒன்று' என்றால் என்ன?

அரிவாள் செல் நோய் ஒடுங்கு பண்பாக வரும் இரத்த நோய். அதன் அல்லீல் தாய், தந்தை இருவரிடமும் ஒன்று வீதம் இருந்தால், குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. முதல் குழந்தைக்கு நோய் வந்துவிட்டது, இனி மூவருக்கு வராது என்று நம்பும் குடும்பங்கள் உண்டு. இந்த நம்பிக்கை ஆபத்தானது. ஒவ்வொரு கருவுக்கும் புதிதாக மியாசிஸ் நடக்கிறது. முந்தையதின் நினைவு அதற்கு இல்லை. நான்கு குழந்தைகள் இருந்தால் சரியாக ஒருவருக்கு மட்டும் நோய் வரும் வாய்ப்பு 42 சதவீதம்தான். யாருக்குமே வராமல் இருக்கும் வாய்ப்பு 32 சதவீதம்.

நோயில்லாத உடன்பிறந்தவர் அந்த அல்லீலைச் சுமப்பவராக இருக்கும் வாய்ப்பு பாதி என்பதும் பிழை. நோய் இல்லை என்று தெரிந்துவிட்டதால் நான்கில் ஒரு வழி கணக்கிலிருந்து நீங்குகிறது. மீதி மூன்றில் இரண்டு. அவர் அந்த அல்லீலைச் சுமக்கும் ஒருவரை மணந்தால் குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு மூன்றில் இரண்டைக் கால் பங்கால் பெருக்க வரும் ஆறில் ஒன்று. இரத்தப் பரிசோதனை செய்துகொண்டால் இந்த ஊகக் கணக்கே தேவைப்படாது.

பசை பழசாகும்போது

பெண் கருவில் இருக்கும்போதே அவளுடைய கருமுட்டைகள் முதல் மியாசிஸைத் தொடங்கி, பாதியில் நின்றுவிடுகின்றன. கருவின் 20 வாரத்தில் 60 முதல் 70 லட்சம். பிறக்கும்போது 10 முதல் 20 லட்சம். பருவமடையும்போது 3 முதல் 4 லட்சம். வாழ்நாளில் வெளிவருவது 400, 500. நின்ற பிரிவு தொடர்வது அந்த முட்டை வெளிவரும் மாதத்தில்தான். ஒரு முட்டை 15 ஆண்டு காத்திருக்கும், இன்னொன்று 42 ஆண்டு. அதுவரை ஜோடிகளைக் கட்டி வைத்திருப்பது கருவில் போட்ட அதே கொஹீசின். புதிதாகப் பூசப்படுவதில்லை என்று எலிகளில் செய்த சோதனைகள் காட்டுகின்றன. ஆண்டுகள் போகப் போக வளையங்கள் உதிர்கின்றன, பிடி தளர்கிறது.

விளைவு எண்களில் தெரிகிறது. டவுன் நோய்க்குறியுடன் குழந்தை பிறக்கும் வாய்ப்பு தாயின் 20 வயதில் சுமார் 1,500-க்கு ஒன்று, 35-இல் 350-க்கு ஒன்று, 40-இல் 100-க்கு ஒன்று, 45-இல் 30-க்கு ஒன்று. கூடுதல் 21-ஆம் குரோமோசோம் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேருக்குத் தாயின் முட்டையிலிருந்தே வருகிறது. பெரும்பாலும் முதல் பிரிவில். தாய் எதைச் சாப்பிட்டார், எதைப் பார்த்தார் என்று குற்றம் தேடுவதற்கு இதில் இடமே இல்லை.

தந்தையின் பக்கம் கதை வேறு. விந்தணுவின் மூல செல்கள் வாழ்நாள் முழுவதும் பிரிந்துகொண்டே இருக்கின்றன. காத்திருக்கும் பசை அங்கே பிரச்சினை இல்லை, நகலெடுக்கும் எண்ணிக்கைதான் பிரச்சினை. ஒரு குழந்தையிடம் உள்ள 60 முதல் 70 புதிய எழுத்து மாற்றங்களில் பெரும்பகுதி தந்தை வழி வருபவை.

எல்லா டவுன் நோய்க்குறியும் குரோமோசோம்கள் பிரியாமல் ஒரே பக்கம் போவதால் வருவதில்லை. சுமார் 95 சதவீதம் அப்படி; 3 முதல் 4 சதவீதத்தில் கூடுதல் 21, பெரும்பாலும் 14-ஆம் குரோமோசோமுடன் ஒட்டியிருக்கும்; மீதி மொசைக். இந்த வேறுபாடு ஏட்டளவில் நிற்பதில்லை. ஒட்டிய குரோமோசோமைத் தாய் சமநிலையில், அதாவது மொத்தத்தில் கூடுதல் 21 இல்லாமல், சுமந்தால் அடுத்த குழந்தைக்கான ஆபத்து 10 முதல் 15 சதவீதம், வயது எதுவானாலும். பெற்றோரில் ஒருவருக்கு இரண்டு 21-களும் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால், உயிருடன் பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் டவுன் நோய்க்குறி இருக்கும். ஆகவே முகத்தைப் பார்த்து நோயைச் சொல்லிவிட முடிந்தாலும் குரோமோசோம் பரிசோதனையைத் தவிர்க்கக் கூடாது.

அந்தப் பரிசோதனையில், ஹெப்பாரின் கலந்த குழாயில் எடுத்த இரத்தத்தை 37 டிகிரியில் 72 மணி நேரம் வளர்ப்பார்கள். சிவப்பணுக்களுக்கு உட்கரு கிடையாது, பிரிவது லிம்போசைட்டுகள் என்ற வெள்ளணுக்கள். கோல்செமிட் என்ற மருந்து கதிர்க்கோலைக் கலைத்து, செல்களை மெட்டாபேஸில், அதாவது அனாபேஸுக்குச் சற்று முந்தைய நிலையில், நிறுத்தும். அதன் உறவான கோல்ச்சிசின், செங்காந்தள் கிழங்கிலும் விதையிலும் இருப்பது. பிறகு 0.075 மோலார் பொட்டாசியம் குளோரைடு கரைசல் செல்லை ஊதவைத்துக் குரோமோசோம்களைப் பிரித்துப் பரப்பும். இந்த ஊதவைக்கும் படி தெரியாத காலத்தில், 1923 முதல் மனிதக் குரோமோசோம் 48 என்றே நம்பினார்கள். 1956-இல் ட்ஜியோவும் லெவானும் 46 என்று திருத்தினார்கள். ஊதவைப்பது குறைந்தால் குரோமோசோம்கள் குவிந்து கிடக்கும். மிஞ்சினால் செல் வெடித்து ஒன்றிரண்டு தொலைந்துபோகும், 45 என்று பொய் சொல்லும். கோல்செமிட் நேரம் நீண்டால் குரோமோசோம்கள் குறுகித் தடித்து, பட்டைகள் அடையாளம் தெரியாமல் போகும். ஒரு செல்லை நம்பாமல் வழக்கமாக 20 செல்களை எண்ணுவது இதனால்தான்.

ஜோடி சேராதபோது

குதிரைக்கு 64, கழுதைக்கு 62. கோவேறு கழுதைக்கு 63. அதன் உடல் செல்கள் சிரமமில்லாமல் பிரிகின்றன. மைட்டாசிஸுக்கு ஜோடி தேவையில்லை. மியாசிஸில்தான் சரியான இணை கிடைக்காமல் எல்லாம் குலைகிறது, அதனால் கிட்டத்தட்ட எப்போதும் மலடு.

நாம் சாப்பிடும் வாழைப்பழங்களில் பெரும்பாலானவற்றுக்கும் இதே நிலை: 11 வீதம் மூன்று தொகுதி, மொத்தம் 33 குரோமோசோம்கள். மூன்றை இரண்டாகப் பங்கிட முடியாததால் விதை உருவாவதில்லை. பக்கக்கன்று வழியாக, அதாவது மைட்டாசிஸால் மட்டுமே பெருக்கப்படுகிறது. ஒரு ரகத்தின் எல்லா மரங்களும் ஏறத்தாழ ஒரே மரபுத் தொகுதி; ஒரு மரத்தை வீழ்த்தும் பூஞ்சை அத்தனையையும் வீழ்த்தும். 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் பனாமா வாடல் நோய் குரோ மிஷெல் என்ற ஏற்றுமதி ரகத்தை அப்படித்தான் தோட்டங்களிலிருந்து துடைத்தெடுத்தது. அதன் இடத்துக்கு வந்த கேவண்டிஷ் ரகத்தை இப்போது அதே பூஞ்சையின் இன்னொரு வகை தாக்குகிறது. எதிர்ப்புத் திறனைத் தேடுபவர்கள் 22 குரோமோசோம்கள் கொண்ட காட்டு வாழைகளிடம் போகிறார்கள். அவற்றின் பழம் முழுக்கக் கல் போன்ற விதைகள், ஒவ்வொரு விதையும் மியாசிஸ் புதிதாகக் கலைத்துப் போட்ட சீட்டு.